வடக்குச் சுவர் பற்றிய குறிப்பு

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
இந்தக் கோயிலைப் பரிசோதிக்க வருகிறேன்.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
நன்று, சுமார், மோசம்.
எண்ணூறு வயதுக்காரியை
இதற்குள் உட்காரவைக்க வேண்டும்.

சாவி திருமதி டக்கெட்டிடம்.
ஒரு சாண் நீள இரும்பு.
கோழித் தீவன வாளியில் புதைத்துவைத்திருக்கிறாள்,
எந்தத் திருடன் அங்கே கைவிடுவான் என்று.
போன பனிக்காலத்தில் வந்தவன் சாவியே தேடவில்லை.
தெற்குக் கூரையின் ஈயத்தைப்
பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி
வேனில் ஏற்றிப் போய்விட்டான்.

உள்ளே தூண்கள்.
நான்கு உருண்டை, ஐந்தாவது எண்பட்டை.
காசு வந்ததா, கொத்தன் செத்தானா,
கொள்ளைநோய்க்குப் பிறகு
வேறு ஊர்க்காரன் வந்தானா, தெரியாது.
கிழக்கில் அரைவட்டமாய்த் தொடங்கும் வளைவுகள்
மேற்கே போகப்போகக் கூராகின்றன,
ஒருவர் விட்ட வாக்கியத்தை
பேரன் வயதுக்காரன் முடித்ததுபோல.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
வடக்குச் சுவர் ஏழரை அங்குலம் வெளியே சாய்கிறது.
பலிபீடப் பகுதியும் நேர்க்கோட்டில் இல்லை,
இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது.
சிலுவையில் தலை சாய்ந்ததன் குறி
என்கிறது வாசலில் இருக்கும் வழிகாட்டித் தாள்.
சாரத்தின் மேலிருந்து கொத்தனார் பிரிவெட் சொல்கிறார்:
"கயிறு நழுவியிருக்கும்.
சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்த நூல் அது."

1867இல் லண்டனிலிருந்து கிராடக் வந்தார்.
பெட்டியில் வரைபடம், பையில் பாதிரியாரின் பணம்,
மனதில் ஒரே ஒரு நூற்றாண்டு.
அதற்கு முன் பிறந்ததும் பிழை, பின் பிறந்ததும் பிழை.
இருந்த ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு
இருந்திருக்க வேண்டியவற்றை நட்டார்.
கல் அம்மணமாய் நிற்பதே நேர்மை என்று
உட்சுவர்க் காரையை முழுக்கச் சுரண்டவைத்தார்.
ஆறு வண்டி.
வண்ணமும் சுண்ணாம்புமாய் ஆறு வண்டி போய்
பாதிரியார் வீட்டுப் பாதையின் பள்ளங்களில் விழுந்தது.

அடுத்த பாவம் 1962, சிமென்ட்.
மூச்சுவிடத் துவாரமில்லாமல்
சுவர் உள்ளுக்குள்ளேயே வியர்த்தது.
அதைத்தான் பிரிவெட் இப்போது
பல் வைத்தியர் பொறுமையோடு தோண்டி எடுத்துவிட்டு
சிக்கிமுக்கிக் கற்களுக்கிடையே
பழையபடி சுண்ணாம்புச் சாந்து வைக்கிறார்.

போன வாரம் ஆர்கனைப் பழுதுபார்க்க நகர்த்தினார்கள்.
பின்னால், ஒரு கதவளவுக்கு,
யாரும் தொடாத பழைய காரை.
அன்று வெள்ளிக்கிழமையாய் இருந்திருக்கும்.
ஆர்கன் வந்து மறைக்கப்போகிறது,
எவன் பார்க்கப்போகிறான் என்று
உளியைக் கீழே போட்டிருப்பான்.
பெயர் தெரியாத சோம்பேறியே,
உனக்கு ஒரு கும்பிடு.

காரையில் ஒரு கால்.
பாதம், கணுக்கால், முழங்கால்வரை செங்காவி.
சுற்றிலும் ஆற்றின் நெளிகோடுகள்.
பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் இடையே
ஒரு மீன், எங்களைப் பார்த்தபடி.
"கிறிஸ்டோபர்தான்" என்றார் பிரிவெட்,
அதற்குமேல் அன்று பேசவில்லை.
திருமதி டக்கெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்:
"நகம் வெட்டி நாளாகியிருக்கிறது."

முழங்காலுக்கு மேலே நேர்மையான கல்.
தொடை இல்லை, தோள் இல்லை,
தோளில் சுமந்த குழந்தை இல்லை.
காலையில் நான் காரை நிறுத்திய பாதையின் அடியில்
எங்கேயோ இருக்கிறார்கள் அவர்கள்.

ஈரமானியைப் பாதத்தருகே வைத்தேன்.
முள் சிவப்புக்கு ஓடியது.
நிலத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது,
மீனுக்கு மேலே ஒரு விரல்கடைவரை
உப்பு பூத்திருக்கிறது.

ஈரம்: மோசம்.
பரிந்துரை: வடக்கே வடிகால், உடனடியாக.
கையெழுத்துப் போட்டேன்.
கணுக்கால்வரை தண்ணீர் இருக்கட்டும் என்று எழுத
படிவத்தில் இடமில்லை.
சாவியைத் தீவனத்துக்குள் அமுக்கினேன்.
ஒரு கோழி வந்து என் ஷூவைக் கொத்திப் பார்த்தது.